நாட்டிங் ஹில் கட்டுரையில் விடுபட்ட பெண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டனின் நாட்டிங் ஹில் திருவிழாவைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான படக்கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இறகு அலங்காரங்களும் எஃகு மேள இசையும் தெருவோர உணவும் அழகாக விவரிக்கப்பட்டிருந்தன. ஆனால் இந்தத் திருவிழா எப்படி வந்தது என்பதற்குக் கட்டுரையாளர் ஒதுக்கியது ஒரே ஒரு வாக்கியம்தான்; கரீபியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் ஊர் நினைவாக 1966-இல் தொடங்கிய கொண்டாட்டம் என்று சொல்லி முடித்துக்கொண்டார். அதே பக்கத்தின் ஓரத்தில் கட்டம் கட்டி, கறுப்பின மக்களின் விடுதலைக்குப் பாடுபட்டவர்கள் என்று மார்க்கஸ் கார்வி, மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ், நெல்சன் மண்டேலா ஆகிய நால்வரின் படங்களை வெளியிட்டிருந்தீர்கள். நால்வரும் போற்றத்தக்கவர்களே. ஆனால் அந்தப் பக்கம் முழுவதிலும் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. அந்தத் திருவிழாவுக்கு வித்திட்டவரோ கிளாடியா ஜோன்ஸ் என்ற ஒரு பெண். அந்த நால்வரில் மூவரின் வரலாற்றோடு அவருடைய வாழ்க்கையும் பின்னிக் கிடக்கிறது. அதனால்தான் சற்று நீளமாகவே எழுத நேர்ந்தது, பொறுத்தருள வேண்டும்.

கிளாடியா ஜோன்ஸ் 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 21 அன்று டிரினிடாட் தீவின் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரில் பிறந்தார். உலகச் சந்தையில் கொக்கோ விலை வீழ்ந்தபோது அந்தத் தீவில் நொடித்துப்போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. பெற்றோர் பிழைப்புத் தேடி முதலில் நியூயார்க் சென்றனர். பிள்ளைகள் 1924-இல் போய்ச் சேர்ந்தனர். தாய் ஒரு துணித் தொழிற்கூடத்தில் தையல் இயந்திரத்தின் முன் வேலை செய்துகொண்டிருந்தபோதே நோய் தாக்கி, 37 வயதில் இறந்தார். ஹார்லெம் பகுதியின் ஈரம் கசியும் வீட்டில் வளர்ந்த மகளுக்குப் பதினேழாம் வயதில் காசநோய் வந்தது. அவர் ஓராண்டுக் காலம் மருத்துவ விடுதியில் இருக்க நேர்ந்தது. அந்த நோயின் விளைவுகள் கடைசிவரை அவரை விடவில்லை. 1931-இல் அலபாமாவில் ஒன்பது கறுப்பினச் சிறுவர்கள் மீது சுமத்தப்பட்ட ஸ்காட்ஸ்பரோ பொய்வழக்கை எதிர்த்த இயக்கம்தான் அவரைக் கம்யூனிஸ்ட் இளைஞர் அணிக்குக் கொண்டுசென்றது.

அவர் கம்யூனிஸ்ட் கட்சிப் பணியில் முன்னணிக்கு வந்த காலத்தில், அமெரிக்கக் கறுப்பினப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கிடைத்த வேலை அடுத்தவர் வீட்டுச் சமையலறையிலோ அடுத்தவர் வயலிலோதான் இருந்தது. 1935-இல் அமெரிக்கா பெருமையோடு கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு வேலை செய்வோரையும் விவசாயக் கூலிகளையும் விலக்கியே வைத்தது. சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இந்த இரண்டு தொழில்களை விலக்கினாலே போதுமானதாக இருந்தது. அதே ஆண்டில் எல்லா பேக்கர், மார்வெல் குக் என்ற இரு கறுப்பினப் பெண்கள், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதித் தெருமுனைகளில் வேலைக்காகக் காத்து நிற்கும் பெண்களை வீட்டு எசமானிகள் வந்து பேரம் பேசி மணிக்கணக்கில் கூலிக்கு அழைத்துச் செல்வதை நேரில் கண்டு எழுதினர். அதை அவர்கள் அடிமைச் சந்தை என்றே குறிப்பிட்டார்கள். அடிமை முறை ஒழிந்து எழுபது ஆண்டுகள் கடந்திருந்த நேரம் அது.

1949-இல் கிளாடியா ஜோன்ஸ் கட்சியின் கொள்கை இதழில் எழுதிய நெடிய கட்டுரை இந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறது. கறுப்பினப் பெண் தொழிலாளியாக இருப்பதால் ஒருமுறையும், கறுப்பாக இருப்பதால் மறுமுறையும், பெண்ணாக இருப்பதால் இன்னொரு முறையும் சுரண்டப்படுகிறாள் என்று அவர் எழுதினார். இதை மூன்று தனித்தனிச் சுமைகளின் கூட்டலாக மட்டும் எடுத்துக்கொண்டால் அவருடைய வாதம் பிடிபடாது. ஒரு சமூகத்தின் அடித்தட்டில் நிற்கும் அந்தப் பெண் எழுந்து நகரும்போது அவளுக்கு மேலே அடுக்கப்பட்ட அத்தனையும் நகர்ந்தாக வேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை. ஆகவே அவளுடைய பிரச்சினைகளைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் இயக்கம் தன் காலையே வெட்டிக்கொள்கிறது என்றார். இந்தக் கண்டனம் முதலாளிகளை மட்டும் நோக்கியதன்று. வீட்டு வேலைக்காரர்களைச் சேர்க்க மறுத்த தொழிற்சங்கங்களையும், சமத்துவம் பேசிக்கொண்டே கறுப்பினப் பெண்ணை வேலைக்காரியாக மட்டும் பார்க்கும் முற்போக்கு வெள்ளையர்களையும், தம் சொந்தக் கட்சித் தோழர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டிய வழக்குகளுள் ஒன்று ரோசா லீ இங்ரமுடையது. ஜார்ஜியா மாநிலத்தில் விளைச்சலில் பங்கு கொடுத்து நிலம் உழுதுவந்த அந்த விதவைத் தாயை, கால்நடை தொடர்பான தகராறில் பக்கத்து நிலத்து வெள்ளையர் ஒருவர் தாக்கினார். தாயைக் காப்பாற்ற மகன்கள் குறுக்கிட்டபோது அந்த வெள்ளையர் இறந்துபோனார். வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு 1948-இல் ஒரே நாள் விசாரணையில் முடிவு சொல்ல, தாய்க்கும் பதின்ம வயது மகன்கள் இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. கறுப்பினப் பெண்கள் அதோடு நிற்கவில்லை. அன்னையர் தினத்தன்று குடியரசுத் தலைவருக்கு ஆயிரக்கணக்கில் வாழ்த்து அட்டைகளை அனுப்பி, இந்த அன்னையை விடுவியுங்கள் என்று கேட்டார்கள். எண்பது வயதைக் கடந்திருந்த மேரி சர்ச் டெரல் இந்த வழக்கை 1949-இல் ஐக்கிய நாடுகள் அவைக்கே கொண்டுசென்றார். 1959-இல்தான் தாயும் மகன்களும் வெளியே வந்தனர். ஓர் ஏழைக் குத்தகை விவசாயியின் வழக்கு உலக அவையின் வாசல்வரை போனதற்குக் காரணமான பெண்களின் பெயர்களை நம் பாடநூல்களில் நான் கண்டதில்லை.

கிளாடியா ஜோன்ஸின் எழுத்தை அமெரிக்க அரசு மிகுந்த கவனத்தோடு படித்தது என்றுதான் சொல்ல வேண்டும். உலக மகளிர் நாளையொட்டி 1950-இல் அவர் அமைதிக்காகப் பெண்கள் போராட வேண்டும் என்று பேசி எழுதியது அவர் மீதான வழக்கில் ஆதாரமாகக் காட்டப்பட்டது. அரசைக் கவிழ்க்கும் கொள்கையைப் பரப்பச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1953-இல் ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை பெற்றார். இதய நோயோடு மேற்கு வர்ஜீனியாவின் ஆல்டர்சன் பெண்கள் சிறையில் 1955 ஜனவரி முதல் அக்டோபர் வரை இருந்தார். எட்டு வயதில் வந்து சேர்ந்த நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்திருந்தும், அவர் கேட்ட குடியுரிமை மறுக்கப்பட்டிருந்தது. அந்தக் காரணத்தைக் கொண்டே அவரை அந்த ஆண்டு டிசம்பரில் நாடு கடத்தினார்கள். பிறந்த மண்ணான டிரினிடாட் அப்போது பிரிட்டனின் குடியேற்ற நாடாக இருந்தது. தொல்லை தரக்கூடியவர் என்று கருதிய ஆங்கிலேய ஆளுநர் அவரை அங்கே திரும்ப விடவில்லை. அதனால் ஒருபோதும் பார்த்திராத லண்டனுக்கு அவர் கப்பல் ஏறினார்.

லண்டனில் அவரைப் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சி பெரிதாக வரவேற்கவில்லை. அதை அவர் பொருட்படுத்திக் காத்திருக்கவும் இல்லை. 1958 மார்ச் மாதம் பிரிக்ஸ்டன் பகுதியில் ஓர் இசைத்தட்டுக் கடையின் மாடியில் வெஸ்ட் இண்டியன் கெஸட் என்ற செய்தித்தாளைத் தொடங்கினார். வாடகைக்கு வீடு இல்லை என்று கறுப்பினத்தவரை முகத்துக்கு நேரே விரட்டிய நகரத்தில், பேருந்திலும் மருத்துவமனையிலும் தொழிற்சாலையிலும் உழைக்க வந்த கரீபிய மக்களுக்கு வாய்த்த முதல் பெரிய செய்தித்தாள் அது. தொடங்கி ஆறு மாதம் ஆவதற்குள், அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், நாட்டிங்கம் நகரிலும் லண்டன் நாட்டிங் ஹில் பகுதியிலும் வெள்ளை இளைஞர் கும்பல்கள் கறுப்பினத்தவரைத் தெருத்தெருவாகத் தாக்கின. அடுத்த ஆண்டு மே மாதம் ஆன்டிகுவா தீவைச் சேர்ந்த கெல்சோ காக்ரேன் என்ற தச்சர் அதே பகுதியில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

இந்த இரு நிகழ்வுகளுக்கும் இடையில், 1959 ஜனவரி 30 அன்று, செயின்ட் பாங்கிராஸ் நகர மன்றத்தில் கிளாடியா ஜோன்ஸ் ஒரு கரீபியத் திருவிழாவை நடத்தினார். லண்டனின் ஜனவரிக் குளிரில் தெருவில் ஆட முடியாது என்பதால் அரங்குக்குள் நடந்த அந்த விழாவை பிபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியது. ஒரு மக்களின் கலையே அவர்களுடைய விடுதலையின் தொடக்கம் என்பது விழாவின் முழக்கமாக இருந்தது. விழா மலரை விற்ற பணத்தில் ஒரு பகுதி, முந்தைய ஆண்டுக் கலவரத்தில் வழக்கில் சிக்கிய கறுப்பின, வெள்ளையின இளைஞர்களின் அபராதத்தைக் கட்ட ஒதுக்கப்பட்டது. தங்கள் கட்டுரையாளர் ஊர் நினைவு என்று ஒரே சொல்லில் கடந்துபோன இடத்தில் இத்தனையும் இருக்கிறது. ஊர் நினைவு இல்லாமல் இல்லை; ஆனால் நினைவுக்கு வந்த அந்த ஊர்த் திருவிழாவே போராடிப் பெற்றதுதான். டிரினிடாடில் அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட மக்கள் தமதாக்கிக்கொண்ட திருவிழாவை 1881-இல் காவல்துறை தடுக்க முனைந்து பெரும் மோதல் மூண்டது. பின்னர் மேளத்துக்கே தடை விதித்தார்கள். மூங்கிலைத் தட்டி, தகரத்தைத் தட்டி, கடைசியில் எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டி வளைத்து அவர்கள் உருவாக்கிய இசைக்கருவிதான் தங்கள் படங்களில் பளபளக்கும் எஃகு மேளம்.

அந்த விழாவில் அழகிப் போட்டியும் நடந்தது. பெண்களை மேடையில் நிறுத்தி மதிப்பெண் போடும் பழக்கத்தை நான் ஒருபோதும் விரும்பியதில்லை. கிளாடியா ஜோன்ஸ் போன்ற ஒருவர் அதை ஏன் சேர்த்தார் என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு. ஆயினும் விளம்பரம் முதல் திரைப்படம் வரை வெள்ளைத் தோலை மட்டுமே அழகென்று காட்டிவந்த நாட்டில், கறுப்பினப் பெண்ணுக்கு மகுடம் சூட்டித் தொலைக்காட்சியில் காட்டியதை இன்றைய அளவுகோலால் மட்டும் அளந்துவிட முடியாது என்றும் தோன்றுகிறது.

1966 என்ற ஆண்டைக் கட்டுரையாளர் கற்பனையாக எழுதிவிடவில்லை. அந்த ஆண்டில் நாட்டிங் ஹில் தெருவில் முதல் திறந்தவெளி விழாவை நடத்தியவர் ரோன் லாஸ்லெட் என்ற சமூகப் பணியாளர். அவரும் ஒரு பெண்தான் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. அரங்க விழாவைத் தொடக்கமாகக் கொள்வதா, தெரு விழாவைக் கொள்வதா என்று ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தெருவில் நடக்கும் இன்றைய வடிவத்துக்கு 1966-உம், கரீபியத் திருவிழாவை லண்டனின் பொதுவாழ்வுக்குள் கொண்டுவந்ததற்கு 1959-உம் உரியவை என்று இரண்டையும் குறிப்பிடுவதே முறை என்பது என் எண்ணம்.

இனி அந்தக் கட்டத்தில் இருந்த நால்வரைப் பற்றி. மார்க்கஸ் கார்வியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் உலகளாவிய கறுப்பினச் சங்கத்தை 1914-இல் ஜமைக்காவில் அவரோடு சேர்ந்து நிறுவியவர் ஏமி ஆஷ்வுட். பின்னாளில் அவரை மணந்து பிரிந்தவர். 1945-இல் மான்செஸ்டர் நகரில் நடந்த ஐந்தாம் அனைத்து ஆப்பிரிக்க மாநாட்டில் பேசிய மிகச் சில பெண்களில் அவரும் ஒருவர். கறுப்பின மக்களைப் பற்றி எவ்வளவோ பேசப்பட்டிருந்தும் கறுப்பினப் பெண்ணைப் பற்றிப் பேச்சு மிகக் குறைவே என்று அந்த மேடையிலேயே குறைபட்டார். வெஸ்ட் இண்டியன் கெஸட் தொடங்கியபோது கிளாடியா ஜோன்ஸுக்குத் துணை நின்றவர்களில் அவர் முக்கியமானவர். மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் உரையாற்றிய மூன்றாம் நாள், லண்டனில் அமெரிக்கத் தூதரகத்தை நோக்கி ஆதரவு ஊர்வலம் புறப்பட்டது; அதை ஏற்பாடு செய்தவர்களில் கிளாடியா ஜோன்ஸ் முன்னணியில் இருந்தார். வாஷிங்டன் பேரணியின் அமைப்புக் குழுவில் இருந்த ஒரே பெண்ணான அன்னா அர்னால்டு ஹெட்ஜ்மன், முதன்மைப் பேச்சாளர் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை என்று எதிர்ப்புத் தெரிவித்தும் பெரிதாகப் பலன் கிட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மண்டேலாவை விடுவிக்கக் கோரி லண்டன் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் நடந்த உண்ணாநிலைப் போராட்டத்திலும், சிறை தின்ற உடம்போடு கிளாடியா ஜோன்ஸ் அமர்ந்திருந்தார்.

இவற்றில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிவது நல்லது. 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஏறத்தாழ 1,44,000 இந்தியர்கள் டிரினிடாடுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களில் ஒரு சிறு பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். கரும்புத் தோட்டத்தில் அடிமைகள் விட்டுச்சென்ற வேலையைச் செய்தவர்கள் இவர்கள். அப்படிப்பட்ட தீவிலிருந்து வந்த கிளாடியா ஜோன்ஸ் தம் செய்தித்தாளின் பெயரோடு ஆப்ரோ ஏஷியன் கரீபியன் நியூஸ் என்பதையும் சேர்த்துக்கொண்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 1962-இல் பிரிட்டன் கொண்டுவந்த காமன்வெல்த் குடியேறிகள் சட்டம், கரீபியர்களோடு இந்தியர்களுக்கும் பாகிஸ்தானியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் கதவை அடைத்தது. அந்தச் சட்டத்துக்கு எதிராக இந்த மக்கள் அனைவரையும் ஒரே மேடைக்கு அழைத்து அவர் ஓயாமல் எழுதினார், பேசினார். 1964 டிசம்பரில் 49 வயதில் அவர் இறந்த பின்பு சில மாதங்களில் செய்தித்தாளும் நின்றுபோனது. ஆனால் அந்தக் கூட்டணி நிற்கவில்லை. பிரிக்ஸ்டனில் வளர்ந்த ஜமைக்கப் பெண் ஆலிவ் மோரிஸும் அவருடைய தோழியரும் 1978-இல் நிறுவிய அமைப்பு, ஆப்பிரிக்க வழிப் பெண்களோடு ஆசிய வழிப் பெண்களையும் உறுப்பினராக்கியது. 1979-இல் இந்தியாவிலிருந்து திருமணம் செய்துகொள்ள வந்த ஓர் ஆசிரியைக்கு லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரிகள் கன்னித்தன்மைச் சோதனை நடத்திய கொடுமை வெளியானபோது, விமான நிலையத்துக்கே சென்று கறுப்பினப் பெண்களும் தெற்காசியப் பெண்களும் சேர்ந்து போராடினார்கள். ஆலிவ் மோரிஸ் அதே ஆண்டு 27 வயதில் புற்றுநோயால் இறந்தார்.

அட்லாண்டிக் பெருங்கடலின் மறுகரையிலும் சமையலறையிலிருந்தே இந்தப் போராட்டம் கிளம்பியிருக்கிறது. அடிமை முறையை மேற்கு உலகில் கடைசியாக, 1888-இல் ஒழித்த நாடு பிரேசில். அங்கே வீட்டு வேலை செய்துவந்த லௌதெலினா தெ காம்போஸ் மெலோ 1936-இல் சாந்தோஸ் துறைமுக நகரில் வீட்டுப் பணியாளர்களின் முதல் சங்கத்தைத் தொடங்கினார்; கிளாடியா ஜோன்ஸ் தம் கட்டுரையை எழுதுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அது நடந்தது. மற்றத் தொழிலாளர்களுக்கு உள்ள உரிமைகளை வீட்டுப் பணியாளர்களுக்கும் அளிக்கும் அரசியல் சட்டத் திருத்தம் பிரேசிலில் 2013-இல்தான் நிறைவேறியது. அதை நாடாளுமன்றத்தில் முன்னெடுத்தவர்களில் ஒருவரான பெனெதிதா த சில்வாவும் ஒருகாலத்தில் வீட்டு வேலை செய்தவர்தான். கொலம்பியாவில் தம் ஊரின் ஆற்றைப் பாழாக்கிய சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்களுக்கு எதிராக, 2014-இல் லா தோமாவிலிருந்து தலைநகர் பொகோட்டாவரை கறுப்பினப் பெண்களை நடத்திச் சென்று, 2022-இல் துணைக் குடியரசுத் தலைவரான ஃபிரான்சியா மார்க்கெஸும் வீட்டு வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தவரே. நாடு வேறு, மொழி வேறு, சட்டம் வேறு. அடிமைத்தனம் முடிந்த மறுநாள் அந்தப் பெண்களுக்கு விட்டுவைக்கப்பட்ட வேலை மட்டும் ஒன்றாகவே இருந்தது. அதனால் அவர்கள் ஒருவரையொருவர் அறிவதற்கு முன்பே ஒரே கோரிக்கையை எழுப்பினார்கள்.

ரியோ டி ஜெனிரோ நகர மன்ற உறுப்பினர் மரியெல் ஃபிரான்கோ 2018 மார்ச் 14 அன்று இரவு, இளம் கறுப்பினப் பெண்களின் கூட்டத்தில் பேசிவிட்டுத் திரும்பும் வழியில் தம் வாகன ஓட்டுநரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழைக் குடியிருப்பில் பிறந்து, காவல்துறையின் அத்துமீறல்களைக் கேள்வி கேட்டு, 46,502 வாக்குகள் பெற்று மன்றத்துக்கு வந்தவர் அவர். அவரைச் சுட்ட வழக்கில் முன்னாள் காவலர்கள் இருவர் 2024-இல் தண்டிக்கப்பட்டனர். அவர் கொலையுண்ட செய்தி அப்போது தமிழ் நாளிதழ்களில் எத்தனையில் இடம்பெற்றது என்று நான் தேடிப் பார்க்கவில்லை, இடம்பெற்றிருந்தால் மகிழ்வேன்.

ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்பது மூன்று. முதலாவதாக, அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிட்டு, 1959 அரங்க விழாவையும் கிளாடியா ஜோன்ஸின் பெயரையும், 1966 தெரு விழாவையும் ரோன் லாஸ்லெட்டின் பெயரையும் சேர்க்க வேண்டுகிறேன். இரண்டாவதாக, 1992-இல் சாந்தோ தொமிங்கோ நகரில் கூடிய பெண்கள் ஜூலை 25-ஐ ஆப்பிரிக்க வழி லத்தீன் அமெரிக்க, கரீபியப் பெண்களின் நாளாக அறிவித்து ஆண்டுதோறும் கடைப்பிடித்து வருகிறார்கள். அந்த நாளையொட்டித் தங்கள் மகளிர் பக்கத்தில் இவர்களில் ஒருவரைப் பற்றியேனும் முழுக் கட்டுரை வரலாம். மூன்றாவதாக, கறுப்பின விடுதலைப் போராளிகளின் படங்களை இனியொரு முறை கட்டம் கட்டி வெளியிடும்போது, கட்டத்துக்குள் இடம் போதாது என்று தோன்றினால், நால்வரில் யாரையேனும் எடுத்துவிட வேண்டாம். பக்கத்தின் கீழ்ப்பாதியில் வந்த நகைக்கடை விளம்பரத்தைச் சற்றுச் சுருக்கினாலே இன்னும் இரண்டு படங்களுக்கு இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சிராப்பள்ளி